பக்கத்து சீட்டில் யாரு?

எங்கள் சாணார்பட்டிப் பக்கம் ஒரு காலத்தில் பையன் ஒழுங்காகப் படிக்கவில்லை என்றால் அப்பாக்கள் வைத்திருந்த வசவு ஒன்றுதான். "நீ லாரிக்குத்தாண்டா போகப் போறே!" பையனும் அப்பா வாக்கைக் காப்பாற்றுகிறவன் மாதிரி லாரிக்கே போய்விடுவான். எந்த லாரி, யாருடைய லாரி என்கிற ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. திண்டுக்கல் - நத்தம் ரோட்டில் எந்த வண்டி நின்று, எந்த டிரைவர் "ஏறுடா" என்றாரோ அதுதான் கம்பெனி, அதுதான் காலேஜ்.

இப்போது பாருங்கள், என் அக்கா மகன், வயது 22, ஹெவி லைசென்ஸ் கார்டைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொண்டு வந்து, "மாமா, எந்தக் கம்பெனியில சேரலாம்?" என்று கேட்கிறான். கிண்டி இன்ஜினியரிங் காலேஜா, கோயமுத்தூரா என்று கேட்கிற தோரணை!

(அவன் பெயரைப் போடப் போவதில்லை. இப்போது வேலையில் இருக்கிறான். முதலாளி வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்களாம்.)

என்னிடம் ஏன் கேட்டான் என்றால், 1991லிருந்து 2016 வரை திண்டுக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதியவன் நான். இருபத்தஞ்சு வருஷம். எனக்கு சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது. ஆனால் ஓட்டுகிறவர்களைத் தெரியும். யார் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு எங்கே நின்றார்கள், யாருடைய கண் சிவந்திருக்கிறது, யார் கணக்கு முடிக்கும்போது பல்லைக் கடிக்கிறார்கள் என்பதெல்லாம் என் மேஜைக்கு எதிரில் நடந்த நாடகம். டிக்கெட் இல்லாமல் பார்த்தேன்.

மருமகன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்தான். ஸ்பின்னிங் மில்லில் ஒரு வருஷம் இருந்தான், பஞ்சு தூசி ஒத்துக்கொள்ளவில்லை. பத்தொன்பது வயசில் கார் லைசென்ஸ் எடுத்து, நத்தத்தில் ஒரு சட்டைக் கம்பெனிக்குக் 'குட்டி யானை' ஓட்டினான். மாம்பழ சீசனில் அதே குட்டி யானையில் மாங்காய்க் கூடை. குட்டி யானைக்குக் கார் லைசென்ஸ் போதுமா என்று யாராவது கேட்டால் உச்ச நீதிமன்றத்தைத் துணைக்குக் கூப்பிடுவான். 7,500 கிலோ வரைக்கும் அதுவே போதும் என்று 2024 நவம்பரில் தீர்ப்பு வந்ததை அவனுக்கு எந்த வக்கீலும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் குட்டி யானை வேறு, பெரிய யானை வேறு. அதற்கு வயது 20 ஆக வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். இரண்டும் ஆனதும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தான். பீஸ் கட்டுவதற்கு அக்கா தன் காதுத் தோட்டைக் கூட்டுறவு சொசைட்டியில் வைத்தாள். "காது சும்மாதானே இருக்கு, கேக்கறதுக்குத் தோடு எதுக்கு?" என்று சிரித்தாள். அக்கா புருஷன் தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் சிரிப்பதையெல்லாம் நான் நம்புவதில்லை.

டிரைவிங் ஸ்கூல் விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கனரக வண்டிக்கு முப்பது நாளுக்குக் குறையாமல் பயிற்சி, அதில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவது பதினஞ்சு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. கணக்குப் பிள்ளை புத்தி போகுமா? வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு அரை மணி! அதுவும் காலி வண்டியில், பகலில், மேடு பள்ளம் இல்லாத ரோட்டில். பாரம் ஏற்றிய பத்துச் சக்கர லாரி 2018லிருந்து இருபத்தெட்டரை டன் வரைக்கும் போகலாம். காலி வண்டி ஓட்டிப் பழகியவன் கையில் அதைக் கொடுப்பது, பொம்மைக்குத் தலை வாரிப் பழகினவளைப் பிரசவம் பார்க்கக் கூப்பிடுகிற மாதிரி.

முன்பு இந்த இடைவெளியை நிரப்பியது ஒரு பதவி: கிளீனர். கண்ணாடி துடைப்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, டிரைவருக்குப் பரோட்டா வாங்கி வருவது... நாலைந்து வருஷம் இப்படிப் போகும். நடு ராத்திரியில் நல்ல ரோடாகப் பார்த்து "செத்த பிடிடா" என்று டிரைவர் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். சட்டப்படி தப்புதான். ஆனால் அந்தப் பையன் அதற்குள் ஆயிரம் இறக்கத்தைப் பக்கத்து சீட்டிலிருந்தே இறங்கியிருப்பான். காமெட்டும் டாடா 1210ம் ஓடிய காலத்தில் திண்டுக்கல்லில் பாதிப் பேர் இப்படித் தேறினவர்கள்தான்.

அந்தப் பதவி இப்போது அநேகமாகப் போய்விட்டது. டீசல் விலை, டோல், வாடகை கட்டவில்லை என்று முதலாளிகள் முதலில் கை வைத்தது கிளீனர் படியில். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று ஒரு விதி இருந்தது, அதையும் தளர்த்திவிட்டார்கள். ஆக, லாரியில் இப்போது டிரைவர் உண்டு, ஸ்டியரிங் உண்டு, பிள்ளையார் உண்டு, பக்கத்து சீட்டில் ஒரு தண்ணீர்க் கேன் உண்டு. கற்றுக் கொடுக்க ஆளும் இல்லை, கற்றுக்கொள்ள ஆளும் இல்லை.

ஆகவே மருமகன் கேட்டது சரியான கேள்விதான். ஆனால் அவன் அதற்கு வைத்திருந்த அளவுகோல் இருக்கிறதே... எந்தக் கம்பெனி வண்டியில் ஏ.சி. கேபின், எந்தக் கம்பெனியில் மியூசிக் சிஸ்டம், எந்த முதலாளி கூட அட்வான்ஸ் கொடுக்கிறார்! (ஏ.சி. கேபினை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். இஞ்சின் பக்கத்தில் மே மாதத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகும் லாரிகளில் அது கட்டாயம் என்று அரசாங்கமே உத்தரவு போட்டுவிட்டது.)

"மாப்ளே, பொண்ணு பார்க்கப் போறப்ப வீட்டுக்கு வெள்ளை அடிச்சிருக்கான்னா பார்ப்பே? வா, நாலு இடம் பார்த்துட்டு வருவோம்" என்றேன்.

முதலில் ஒரு பார்சல் கம்பெனி. யூனிஃபார்ம், நேரத்துக்கு வண்டி, மாசம் பிறந்தால் சம்பளம். பையனுக்குக் கண்ணில் ஒளி. மேனேஜர் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வருஷ அனுபவம் வேணுமே தம்பி."

"நீங்க எடுத்தாத்தானே சார் அனுபவம் வரும்?"

"அனுபவம் வந்தாத்தானே தம்பி எடுக்க முடியும்?"

இரண்டு பேரும் சொன்னது நியாயமாகவே பட்டதால் நான் காபி குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அடுத்து நாமக்கல். லாரித் தொழிலைப் பற்றிப் பேசிவிட்டு நாமக்கல்லைச் சொல்லாமல் விட்டால் ஆஞ்சநேயர் கோவித்துக்கொள்வார். கேஸ் டேங்கர், டிரெய்லர், பாடி கட்டும் பட்டறை என்று ஊரே டீசல் வாசனையில் கண் விழிக்கிறது. பையனுக்கு டேங்கர் மேல் ஒரு கண். அங்கே ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கேஸ் வண்டிக்கு லைசென்ஸ்ல தனியா எழுதி வாங்கணும். மூணு நாள் கிளாஸ். இந்திய பாஷை ஒண்ணோட இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியணும். அதெல்லாம்கூட ஆயிரும் தம்பி. ஆனா பதினேழு டன் கேஸை முதுகுல வெச்சுக்கிட்டுப் பழகறதுக்கு ரோடு இடம் தராது. மத்த வண்டியில நாலு வருஷம் ஓட்டிட்டு வா."

வந்த இடத்தில் இன்னொன்றும் விசாரித்தோம். அசோக் லேலண்ட் கம்பெனி 1995ல் நாமக்கல்லில் ஒரு டிரைவர் பயிற்சி நிலையம் ஆரம்பித்தது. சிமுலேட்டர் என்று ஒரு பொம்மை கேபினில் உட்கார்த்தி வைத்து மழை, பனி, மலைப்பாதை எல்லாம் காட்டிவிடுவார்கள். பஸ் டிரைவர் ஆக நினைக்கிறவர்களுக்கு அரசாங்கத்தின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் பள்ளி வைத்திருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் என்று ஒரு புது ஏற்பாடும் வந்திருக்கிறது. கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம். அரை மணிக் கணக்குக்கு இது எவ்வளவோ மேல். லைசென்ஸ் எடுப்பதற்கு முன்னால் இந்தக் கட்டுரையைப் படிக்கிற தம்பிமார்கள் நேரே இப்படிப் போய்விடுவது உத்தமம்.

எங்கள் ஆளுக்கோ லைசென்ஸ் ஏற்கெனவே கைக்கு வந்தாயிற்று. தோடு சொசைட்டியில். மாசம் பிறந்தால் வட்டி. தங்கை நர்சிங் படிக்கிறாள், அவள் பீஸ் வேறு. "இன்னும் ஆறு வாரம் படிக்கறேன்னு அம்மாட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது மாமா?" என்றான். அதுவும் வாஸ்தவம்தான்.

இந்தச் சமயத்தில்தான் மூன்றாவது ஆசாமி வந்து சேர்ந்தார். இரண்டு லாரி வைத்திருக்கிறவர். ஊர் எது என்று சொல்ல மாட்டேன். போகும்போது திண்டுக்கல் மில் நூல் இச்சல்கரஞ்சிக்கு, வரும்போது நாசிக் வெங்காயம். "உனக்குத் தனி வண்டி தம்பி! பத்துச் சக்கரம். நடைக்குப் பர்சன்டேஜ். மாசம் முப்பத்தஞ்சாயிரம் தேறும். டீசல் மிச்சம் பிடிச்சா பாதி உனக்கு. நாற்பதாயிரம் அட்வான்ஸ் அம்மா கையில கொடுத்துடறேன்" என்றார்.

நாற்பதாயிரம்! தோடு திரும்பும், பீஸ் கட்டலாம், மிச்சத்துக்கு ஒரு நல்ல போன். மருமகன் மனசுக்குள் அப்போதே ஓசூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போனதும் வண்டி நம்பரை மட்டும் பையனிடம் கொடுத்து, "உன் போன்ல அந்த பரிவாகன் ஆப் இருக்குல்ல, போட்டுப் பாரு" என்றேன். போட்டான். முகம் கொஞ்சம் சுருங்கியது. "எஃப்.சி. முடிஞ்சு நாப்பது நாள் ஆச்சு மாமா."

"அட்வான்ஸ் நாற்பதாயிரம், எஃப்.சி. நாற்பது நாள். பொருத்தம் நல்லாத்தான் இருக்கு!"

"புதுப்பிச்சிருவாங்க மாமா..."

"புதுப்பிப்பாரு. போய் முன் சக்கரத்தைப் பார்த்துட்டு வா."

போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முன்னால் இரண்டும் ரீட்ரெட். அதாவது தேய்ந்த டயருக்கு மேல்தோல் ஒட்டியது. பின் சக்கரத்தில் போட்டு ஓட்டலாம், இரட்டைச் சக்கரத்தில் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். முன் சக்கரம் ஒற்றை. வேகத்தில் அது உரிந்தால் ஸ்டியரிங் டிரைவர் பேச்சைக் கேட்காது. முதலாளி எவ்வளவு நல்லவர் என்று நாலு பேரிடம் விசாரிப்பதைவிட அவர் வண்டியின் முன் டயரிடம் விசாரித்தால் போதும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

இந்த டீசல் மிச்சம் சமாச்சாரம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கேட்கும்போது தேன் மாதிரி இருக்கும். உழைப்பாளிக்கு ஊக்கம்! ஆனால் டிரைவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? இறக்கத்தில். கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டால் வண்டி தானாக உருளும், மைலேஜ் கூடும். பெங்களூரிலிருந்து திரும்பும்போது தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம் வருகிறது. நாற்பத்து நாலாம் நம்பர் ஹைவேயில் அந்தப் பெயரைச் சொன்னால் பழைய டிரைவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கியரில் இறக்கினால் இஞ்சினே வண்டியைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் அத்தனை டன்னும் பிரேக் ஒன்றையே நம்பி இறங்குகிறது. மிதிக்க மிதிக்க டிரம் சூடேறிப் பிடிப்பு போகும், டாங்கியில் காற்றும் இறங்கும். அப்புறம் முன்னால் போகிற காரிலிருக்கிற குடும்பத்தை முருகன்தான் காப்பாற்ற வேண்டும்.

அதோடு வெங்காயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நூல் காத்திருக்கும், வெங்காயம் அழுகும். மண்டிக்காரர் முதலாளிக்குப் போன் பண்ணுவார், முதலாளி டிரைவருக்குப் பண்ணுவார், "எங்கடா இருக்கே?" என்று. டிரைவர் யாருக்குப் பண்ணுவது? தூக்கம் வருகிற நேரம் ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை. வெங்காயம் போய்ச் சேர வேண்டிய நேரம் காலை ஆறு. இந்த இரண்டு கடிகாரத்துக்கும் நடுவில் இருபத்திரண்டு வயசுப் பையன், தனியாக.

சட்டம் ஒன்றும் சொல்லாமல் இல்லை. லாரித் தொழிலாளிக்கு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961லேயே எழுதிவைத்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்துக்குத்தான். இரண்டு லாரி, இரண்டு டிரைவர் உள்ள முதலாளி அந்த வலைக்குள்ளேயே வரவில்லை. பிற்பாடு 2020ல் போட்ட தொகுப்புச் சட்டத்துக்குள் அந்தப் பழைய சட்டமும் கரைந்தது. சட்டம் எத்தனை தடவை உடை மாற்றினாலும் கேபினுக்குள் ஏறி மணி பார்ப்பதில்லை என்பது என் இருபத்தஞ்சு வருஷ அனுபவம்.

நம் ஊரில் மட்டும்தான் இந்தத் தலைவலி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பெரிய லாரிக் கம்பெனிகள் தாங்களே புது ஆளைச் சேர்த்துக் கற்றுக் கொடுத்து, பல வாரம் ஒரு பழைய டிரைவர் பக்கத்தில் உட்கார வைக்கின்றன. சில இடத்தில் 'இத்தனை மாசம் எங்களிடம்தான் ஓட வேண்டும், நடுவில் போனால் பயிற்சிச் செலவைக் கட்டு' என்று எழுதியும் வாங்கிக்கொள்வார்கள். புது டிரைவர் பதிவு பெற்ற இடத்தில்தான் பயிற்சி எடுக்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் அங்கே விதி வந்தது. ஆனால் எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று அதில் எண் கிடையாது. நம் பதினஞ்சு மணிக்காவது ஒரு எண் இருக்கிறது என்று மீசையை முறுக்கிக்கொள்ளலாம். அங்கேயும் அனுபவஸ்தர்கள் புதுப் பையன்களுக்குச் சொல்வது, சம்பளத்தைப் பிறகு கேள், கற்றுத் தருகிறவர் எப்படிப்பட்டவர் என்று முதலில் கேள் என்பதுதான்.

அட்வான்ஸுக்கு வருகிறேன். எங்கள் ஆபீசில் பார்த்திருக்கிறேன். அட்வான்ஸ் வாங்கின டிரைவர் "இந்த டயரோட போக மாட்டேன்" என்று சொல்ல மாட்டார். சொல்ல வாய் வராது. "ஓவர்லோடு வேண்டாம்" என்றும் சொல்ல மாட்டார். 2019லிருந்து ஓவர்லோடுக்கு இருபதாயிரம் ரூபாய் அபராதம், அதற்கு மேல் டன்னுக்கு இரண்டாயிரம். அதை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் முதலாளியின் குணம் தெரியும். சில பேர் லைசென்ஸ் ஒரிஜினலையே வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வார்கள். கடன் தீர்கிற வரைக்கும் வண்டியும் பீரோவும் ஒன்றுதான், இரண்டுக்கும் சாவி ஒருத்தரிடம்.

இவ்வளவையும் நான் மருமகனிடம் சொன்னேன். தலையை ஆட்டினான். நாற்பதாயிரத்துக்கு ஆடுகிற தலைக்கும் புத்திமதிக்கு ஆடுகிற தலைக்கும் வித்தியாசம் உண்டு. இது இரண்டாவது ரகம், பலமாக ஆடிற்று, ஒன்றும் உள்ளே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த முதலாளி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு கவர், ஆப்பிள் ஒரு கிலோ. அக்கா மோர் கொடுத்தாள். அவர் சம்பளம் சொன்னார், பர்சன்டேஜ் சொன்னார், வண்டிப் பெருமை சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பக்கத்து சீட்டுல யாருங்க உக்காருவாக?"

அவருக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா?"

"இல்ல, இவன் இதுவரைக்கும் குட்டி யானைதான ஓட்டிருக்கான். பக்கத்துல ஒரு ஆளு இருக்கணும்ல?"

"அதெல்லாம் அந்தக் காலம்மா! இப்ப வண்டியில ஜி.பி.எஸ். இருக்கு. நிமிஷத்துக்கு நிமிஷம் வண்டி எங்க நிக்குதுன்னு என் போன்ல தெரியும்."

"தூங்குனா எழுப்புமாங்க?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கவரை எடுத்து ஆப்பிள் பையின் மேலேயே வைத்து, இரண்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள். "பய இன்னும் கொஞ்சம் பழகட்டும்ங்க. பொறவு பார்ப்போம்." அவ்வளவுதான். ஒன்பதாவது வரைக்கும் படித்தவள். இருபத்தஞ்சு வருஷம் புக்கிங் ஆபீசில் குப்பை கொட்டிய நான் எஃப்.சி., டயர், டீசல் என்று சுற்றிச் சுற்றி வந்ததை நாலு வார்த்தையில் கேட்டுவிட்டாள்.

மருமகன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதற்கப்புறம் அவனைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் பைபாஸ் பக்கம் ஒரு லாரி ஷெட்டுக்குப் போனேன். எட்டு வண்டி வைத்திருக்கிற இடம். வேண்டுமென்றே சனிக்கிழமை போனேன், அன்றைக்குத்தான் கணக்கு முடிக்கிற நாள். ஆபீஸ் வாசல் பெஞ்சில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தோம். "என்ன மாமா, உள்ள போகலையா?" என்றான். "இதுதான்டா இன்டர்வியூ. அவங்களை நாம பண்றோம்" என்றேன்.

ஐந்து டிரைவர்கள் கணக்கு முடித்துவிட்டு வெளியே வந்தார்கள். இரண்டு பேர் கணக்குப் பிள்ளையைத் திட்டினார்கள், அது ஆரோக்கியம்தான். என்னைத் திட்டாத டிரைவர் திண்டுக்கல்லில் இல்லை. ஆனால் யாரும் முதலாளியைத் திட்டவில்லை. "எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று ஒவ்வொருத்தராகக் கேட்டேன். பதினாலு, ஒன்பது, ஏழு, பதினொன்று, மூன்று. எந்த போர்டிலும் எழுதிப் போட முடியாத விளம்பரம் அது. மாசத்துக்கு ஒரு டிரைவர் மாறுகிற கம்பெனி என்றால், அங்கே உங்களுக்கு வேலை உடனே கிடைக்கும். ஏன் கிடைக்கிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

முதலாளி நறுக்கென்று பேசினார். "புதுப் பையனை ஒரு வருஷம் ரெண்டாம் டிரைவராத்தான் வெப்பேன். மாசம் பதினாலாயிரம், படி தனி. அட்வான்ஸ் கிடையாது. லைசென்ஸ் உன்கிட்டயே இருக்கட்டும், எனக்கு ஜெராக்ஸ் போதும். எங்க டிரைவர் ஒருத்தர் இருக்காரு, வயசு அம்பத்தெட்டு. அவரு சரின்னா எனக்கும் சரி. அவரு வேணாம்னா, கலெக்டர் சிபாரிசு பண்ணாலும் வேணாம்."

முப்பத்தஞ்சு எங்கே, பதினாலு எங்கே! பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

அக்கா கணக்குப் போட்டாள். தோடு சொசைட்டியிலேயே இருக்கட்டும், வட்டி மட்டும் கட்டிக்கொள்ளலாம். நர்சிங் பீஸுக்கு ஒரு கறவை மாட்டை விற்றாள். ஆக, இந்த முடிவுக்கு விலை ஒரு மாடு. மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறபோது அவள் உள்ளே போய்விட்டாள், வெளியில் வரவில்லை.

அந்த அம்பத்தெட்டு வயசுக்காரர் இருக்கிறாரே, சும்மா சொல்லக் கூடாது, பேச்சே கிடையாது. முதல் மூன்று வாரம் மருமகனை ஸ்டியரிங் பக்கமே விடவில்லை. வண்டி நிற்கிற இடத்தில் எல்லாம் பத்து டயரையும் தட்டிப் பார்க்க வேண்டும், சத்தத்தை வைத்துக் காற்று சொல்ல வேண்டும். தார்ப்பாய்க் கயிறு முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வாராம். அக்கா தினம் போனில், "இன்னுமா குடுக்கல?" என்று கேட்பாள். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் குறை!

பிறகு காலி வண்டி, பகலில், பைபாஸில். அப்புறம் பாரத்தோடு கரூர் வரை. அப்புறம் ராத்திரி, விடிவதற்குள் இரண்டு மணி நேரம் வண்டியை ஓரங்கட்டிக் கட்டாயத் தூக்கம். 'தூக்கம் வந்தா டீ குடிச்சுச் சமாளிக்கலாம்' என்று மருமகன் சொன்னதற்குப் பெரியவர், "டீ குடிச்சவன் முழிச்சுக்கிட்டே தூங்குவான்" என்றாராம். இது ஒன்றுதான் அவர் பேசிய நீளமான வாக்கியம்.

மலை இறக்கம் மட்டும் கடைசி வரை கொடுக்கவில்லை. தொப்பூர் வந்தால் தானே மாறி உட்கார்ந்துகொள்வார். ஐந்து மாசம் இப்படி.

போன வாரம் ராத்திரி பத்தரைக்கு மருமகன் போன். வண்டியைச் சேலம் தாண்டி டீக்கடையில் போட்டிருந்தான்.

"மாமா, இன்னிக்குத் தொப்பூர்ல எங்கிட்ட குடுத்துட்டாரு!"

"அடேயப்பா! எப்படி இறக்குனே?"

"மூணாவது கியர்லயே மாமா. பின்னாடி ஆம்னி பஸ்காரன் ஹார்ன் அடிச்சே கொன்னுட்டான். நான் அசையலையே!"

"பெரியவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல மாமா. பாதி இறக்கத்துல திரும்பிப் பாத்தேன்... தூங்கிட்டாரு."